லேட்டஸ்ட் என்றொரு பெயர்

பதினொன்று ஐந்து. மீன் ஏலம் ஒரு மணிக்கு.
விலைப்பலகை எந்த மீனைக் கேட்டாலும்
சைபர் என்கிறது.

நேற்றிரவு யாரோ புதுப்பித்திருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ, எய்தூர்தான்.
"லேட்டஸ்டைத்தானே இழுத்தேன்" என்கிறான்
ஜன்னலில் அப்பிய பனியிடம்.

ஸ்வான்ஃபிரீதுர் வாய் திறக்கவில்லை.
கறுப்புத் திரை, துடிக்கும் ஒரு கோடு.
ரெஜிஸ்ட்ரியிடம் கேட்கிறாள்:
இந்த இமேஜுக்கு இதுவரை
எத்தனை டேக் ஒட்டினோம், எல்லாம் சொல்.

நூறு சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.
மீதி வேண்டுமானால்
கடைசியாய்ச் சொன்ன பெயரைச் சொல்லி
மறுபடி கேட்க வேண்டுமாம்.
கேட்கிறாள். இன்னொரு நூறு.
கஞ்சன் கடன் தருவதுபோல் ஏழு தவணை;
அறுநூற்றுப் பன்னிரண்டில் முடிந்தது.

அகரவரிசை.
எழுத்தெண்ணிப் படித்த யந்திரத்துக்கு
எண் எண்ணத் தெரியவில்லை:
பத்தும் பதினொன்றும் பத்தொன்பதும் வந்து உட்கார்ந்தபின்
மெதுவாக உள்ளே வருகிறது இரண்டு.
குழாயில் இன்னொரு சின்னக் கட்டளையை மாட்டினாள்.
எண்கள் வயதுப்படி நின்றன.

பெயர்கள் எங்கே நிற்கும்?

சோதனை. சோதனை-இரண்டு.
கடைசி. கடைசி-சத்தியமாக.
வெள்ளிக்கிழமை-தொடாதே.
ரன்வெய்க்-பூனை.
வெறுமனே ஒரு 'ஆ'.

ஒட்டிய அன்றைக்கு எல்லாம் காரணப்பெயர்தான்.
ஒட்டியவர் வேலையை விட்டுப் போனதும்
இடுகுறியாகிவிட்டன.

லேட்டஸ்டைத் தனியே கூப்பிட்டு
வயது கேட்டாள்.
இரண்டு வருடம், ஐந்து மாதம்.
பொய் சொன்னது என்று சொல்ல முடியாது.
பேர் வைக்காமல் யாரோ தள்ளிய நாளில்
தானாக ஒட்டிக்கொண்ட பேர் அது.
பிறகு எல்லாரும் எண் போட்டுத் தள்ளப் பழகினார்கள்;
அது மட்டும் அந்த நாளிலேயே நின்றுவிட்டது,
லேட்டஸ்ட், லேட்டஸ்ட் என்று
கூப்பிட்டவர்களுக்கெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டு.

அப்படியானால் முந்தாநாள்வரை
ஒழுங்காய் விலை சொன்னது எது?

பழைய பதிவேட்டில் பெயர் இல்லை, ரேகை இருந்தது:
அறுபத்து நான்கு எழுத்து டைஜஸ்ட்,
ஏழு, இ, ஒன்று, சி என்று தொடங்குவது.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும்
ஒவ்வொருவராய்க் கைநாட்டு வைக்கச் சொன்னாள்.
காபி ஆறியது.
எய்தூர் இரண்டு தரம் மணி பார்த்தான்,
மூன்றாம் தரம் பார்க்கவில்லை.

ஒன்று ஒத்துப்போனது.
ரன்வெய்க்-பூனை.

ரன்வெய்க் இப்போது டென்மார்க்கில்.
எந்தப் பூனை என்று செய்தி அனுப்பினார்கள்.
உடனே பதில்:
"அன்று கீபோர்டு மேல் படுத்துக்கொண்டு எழவில்லை.
சும்மா முயற்சி செய்து பார்த்த பில்டு அது.
ஏன்?"

இந்த ஃபியோர்டின் மொத்த மீனும்
ஒன்றரை வருடமாய் அந்தப் பூனையின் பெயரில்தான்
விலைபோயிருக்கிறது.
அதைச் சொல்லவில்லை. "சும்மாதான்" என்று போட்டாள்.

கோப்பில் பூனையை எழுதவில்லை;
பெயரை நாளைக்கே பிடுங்கி
வேறொன்றின் நெற்றியில் ஒட்டிவிடலாம்.
அறுபத்து நான்கு எழுத்தையும் எழுதினாள்.
யாரும் உரக்கப் படிக்க முடியாத,
யாராலும் மாற்றவும் முடியாத ஒன்று.

பன்னிரண்டு ஐம்பது.
நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
இன்று திரும்புகிற நாள்.
கீழே அப்பம் சுடும் மணம்; யாரோ கைதட்டினார்கள்.
அதற்குள் மேகம்.

"லேட்டஸ்டை அழித்துவிடவா?"
எய்தூரின் விரல் விசைமேல்.

"வேண்டாம். அதை நம்பிக்கொண்டு
வேறு எங்கே எது ஓடுகிறதோ."

பலகையில் முதல் வரி விழுந்தது:
ஹாடாக், முந்நூற்று நாற்பது கிலோ.
சைபர் இல்லை.